காலிற் புகும் கிருமியும் வாயிற் செல்லும் குளிசையும்

காலபோக மழை பெய்து வயல்கள் உழவுக்குப் பதமாகும் நாள்களிற் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கமக்காரரைத் தேடிச் சென்று குளிசைகள் வழங்குவது நம் நாட்டிற் பழகிய காட்சியாகும். எலிக்காய்ச்சல் வராமற் காக்கும் பொருட்டு வாரத்திற்கு ஒருமுறை உட்கொள்ளப்படும் டொக்சிசைக்கிளின் குளிசைகளே அவை. பெற்றுக்கொண்டோர் யாவரும் அவற்றை முறையாக விழுங்குகின்றனரா எனின், இல்லை. சிலர் மடியிற் செருகியபடியே மறந்துவிடுகின்றனர். சிலர் பால்தேநீரோடு விழுங்குகின்றனர். வேறு சிலரோ, "காலில் இருக்கிற வெடிப்பால வாற வருத்தத்துக்கு வாயால குளிசை போட்டு என்ன பயன், ஐயா?" என்று பரிசோதகரையே வினவுகின்றனர்.

இவ்வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. இதற்கு விடை அறிந்தவர் குளிசையை மடியில் வைத்திருக்கமாட்டார். ஆதலால், உட்கொண்ட மருந்து உடலில் எவ்வழியே சென்று எவ்வாறு பயன்தருகின்றது என்பதைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

நோய் புகும் வழி

எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமியாகும். இது எலியின் சிறுநீரகத்தில் வாழ்ந்து, அதன் சிறுநீரோடு வெளியேறி, வயல் நீரிலும் சேற்றிலும் கலக்கின்றது. மாடு, எருமை, நாய் என்பனவும் இக்கிருமியைச் சுமந்து திரியக்கூடும். சேற்றில் நிற்பவரின் காலிலுள்ள கீறல், பித்தவெடிப்பு, நெடுநேரம் நீரில் ஊறி மென்மையடைந்த தோல் ஆகியவற்றினூடாகவும், கண், மூக்கு, வாய் என்பவற்றின் மெல்லிய சவ்வினூடாகவும் கிருமி உட்புகும். புகுந்தபின் அது காலிலே தங்கியிருப்பதில்லை. குருதியிற் கலந்து ஈரல், சிறுநீரகம், நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவுகின்றது. காய்ச்சல் வெளிப்படுதற்குப் பொதுவாக 5 முதல் 14 நாள்கள் வரை செல்லும்.

இந்நோயை எளிதாக எண்ணுதல் தவறு. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர்; ஏறக்குறைய 200 பேர் உயிரிழந்தனர். வயலை நம்பி வாழ்வோரே இதனாற் பெரிதும் தாக்கப்படுகின்றனர்.

குளிசை செல்லும் வழி

வேரடியில் இட்ட யூரியா இலையைப் பச்சையாக்குவதைக் கமக்காரர் ஆண்டுதோறும் காண்கின்றனர். உரம் நீரிற் கரைகின்றது; வேர் அதனை உறிஞ்சுகின்றது; பயிரின் உள்ளோட்டம் அதனை நுனிவரை கொண்டு செல்கின்றது. மருந்தின் பயணமும் இதனை ஒத்ததே.

விழுங்கிய குளிசை உணவுக்குழாய் வழியாக இரைப்பையை அடைந்து கரைகின்றது. கரைந்த மருந்து சிறுகுடலுக்குச் செல்கின்றது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய முளைகள் எண்ணிறந்தன உள. இவை வேர்மயிர்கள் போன்று மருந்தை உறிஞ்சிக் குருதியிற் சேர்க்கின்றன. குடலிலிருந்து செல்லும் குருதி முதலில் ஈரலினூடாகப் பாய்ந்து, பின்னர் இதயத்தை அடைந்து, அங்கிருந்து உடலெங்கும் பரவுகின்றது. டொக்சிசைக்கிளினிற் பெரும்பகுதி இவ்வாறு உறிஞ்சப்பட்டு, இரண்டு மூன்று மணி நேரத்திற் குருதியில் உச்ச அளவை எய்துகின்றது. அங்கே அது கிருமிகள் தமக்கு வேண்டிய புரதங்களை ஆக்கவொட்டாது தடுக்கின்றது. புரதமின்றிக் கிருமி பெருகமாட்டாது.

எனவே, கமக்காரரின் வினாவுக்கு விடை இதுவாகும்: கிருமி காலிற் புகுந்தாலும் குருதியின் வழியாகவே பரவவேண்டும், குளிசை வாயிற் சென்றாலும் குருதியையே அடைகின்றது. இரண்டும் சந்திக்கும் இடம் குருதியாகும்.

வாரத்திற்கு ஒருமுறை ஏன்?

உடலிற் சேர்ந்த மருந்து அங்கே நிலைத்திருப்பதில்லை. டொக்சிசைக்கிளின் ஏறக்குறைய ஒரு நாளில் அரைவாசியாகக் குறைகின்றது. மறுநாள் எஞ்சியதில் அரைவாசி போகின்றது. இவ்வாறு மலத்தோடும் சிறுநீரோடும் வெளியேறி, ஒரு வாரம் முடியும்போது மிகச் சிறிய பங்கே எஞ்சும். ஆயினும், இடையிற் புகுந்த கிருமி நோயாக வெளிப்படப் பெரும்பாலும் ஒரு வாரமளவு வேண்டுமாதலால், அது பெருகி மேலோங்குமுன் அடுத்த வாரக் குளிசை வந்து தாக்குகின்றது. ஒரு வாரம் தவறவிட்டவர் அக்கிருமிக்கு அவகாசம் அளித்தவராவர். மறந்த குளிசையையும் சேர்த்து அடுத்த முறை இருமடங்காக விழுங்குதலும் ஆகாது.

இம்முறையின் பயன் சோதித்து அறியப்பட்டதாகும். 1982 இற் பனாமாக் காடுகளிற் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படையினரில் ஒரு சாராருக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லா வெறுங் குளிசையும் கொடுக்கப்பட்டன. வெறுங் குளிசை பெற்றோரில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் கண்டது. மருந்து பெற்றோரில் ஒருவருக்கே கண்டது. அவர்கள் சில வாரங்களே காட்டில் இருந்தனர். போகந்தோறும் சேற்றில் இறங்கும் கமக்காரருக்கு இக்குளிசை முழுமையான காவலாகும் என்று கொள்ளலாகாது.

குளிசையின் வழியை மறிப்பன

பாலிலுள்ள கல்சியம் இம்மருந்தோடு பிணைந்து கொள்ளும் இயல்புடையது. அவ்வாறு பிணைந்த பகுதியைக் குடல் உறிஞ்சமாட்டாது. அது வீணே மலத்தோடு வெளியேறும். ஆகையாற் பாலோடும் பால்தேநீரோடும் குளிசையை விழுங்குதல் தகாது. இரும்புச்சத்துக் குளிசைகளும், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளும் இவ்வாறே தடை செய்வன. அவற்றை உட்கொள்வோர் அதனைப் பரிசோதகருக்கு முன்னரே அறிவித்து, இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடல் வேண்டும்.

வெறுவயிற்றில் விழுங்கினாற் சிலருக்குக் குமட்டல் உண்டாகும். உணவுக்குப்பின் விழுங்குவதே நன்று. ஒரு மிடறு நீர் போதாது. ஒரு குவளை நிறையத் தண்ணீர் குடித்தல் வேண்டும். குளிசை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரையுமாயின் அவ்விடத்தைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியபின் அரைமணி நேரமேனும் படுக்காது இருத்தல் அவசியம். பாய் விரித்தபின் குளிசையை நினைத்து வாயிற் போடுவோர் இதனைக் கவனிக்க.

இம்மருந்து சிலருடைய தோலை வெயிலுக்கு எளிதிற் சிவக்கச் செய்யும். தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணிதல் இதற்குப் பரிகாரமாகும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், இவ்வகை மருந்து முன்னர் ஒவ்வாதிருந்தோர் ஆகியோர் இதனை உட்கொள்ளலாகாது. அவர்கள் வயலில் இறங்க நேரின் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக. ஒருவர் பெயரிற் கொடுத்ததை இன்னொருவருக்குப் பகிர்தலும், சென்ற போகத்தில் எஞ்சியதை வைத்திருந்து விழுங்குதலும் தவறு. வெப்பமும் ஈரமும் பட்ட குளிசை கெட்டுப்போகும்.

ஊசியா, குளிசையா?

ஊசி ஏற்றினாலன்றி நோய் தீராது என்று எண்ணுவோர் பலர். ஊசியின் சிறப்பு அதன் வலிமையில் அன்று, அது செல்லும் வழியில் உள்ளது. குடல் நன்கு உறிஞ்சும் மருந்துக்கு ஊசி வேண்டுவதில்லை. குடலை அடையுமுன் கெடும் மருந்துக்கு வேறு வழியில்லை. கடுமையான எலிக்காய்ச்சலுக்கு வைத்தியசாலையிற் கொடுக்கப்படும் பென்சைல்பெனிசிலின் இதற்குச் சான்றாகும். வாயாற் கொடுத்தால் அதன் பெரும்பகுதியை இரைப்பையின் அமிலம் அழித்துவிடும். ஆதலின், அதனை நாளத்தில் நேரே ஏற்றுகின்றனர். சிறுநீரகம் அதனை விரைந்து வெளியேற்றுவதால், ஒரு நாளிற் பல முறை ஏற்றவேண்டியுள்ளது. இச்சிகிச்சை வீட்டிலிருந்து பெறத்தக்கதன்று.

எனவே, வயல்வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு தசைநோவு, சிறப்பாகக் கெண்டைக்கால் நோவு, தலையிடி, கண் சிவத்தல் என்பன காணின், ஒரு நாளேனும் தாமதியாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்; தாம் வயலில் இறங்கிய செய்தியையும் வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும். சிறுநீர் குறைதலும், கண் மஞ்சளாதலும், மூச்சு முட்டுதலும் பேராபத்தின் அறிகுறிகளாம். குளிசை போட்டவருக்கு இக்காய்ச்சல் வராது என்று வாளாவிருத்தல் கூடாது. கடையில் நோவுக்குளிசை வாங்கி விழுங்கி, காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குச் செல்லுதல் அதனினும் கேடாகும்.

செய்ய வேண்டியன

உழவு தொடங்குமுன் தத்தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் குளிசையைப் பெறுக. அதனை விழுங்கும் நாள் மறவாதிருக்க வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்து, வீட்டாருக்கும் அறிவிக்க. காலிற் புண் உள்ளபோது சேற்றில் இறங்காதிருத்தல் நன்று. இறங்கியே ஆகவேண்டுமாயின் நீர் புகாவண்ணம் புண்ணை மூடி, கூடியவரை நீண்ட சப்பாத்து அணிக. வயல் நீரில் முகம் கழுவுதலும் வாய் கொப்பளித்தலும் வேண்டா. வரம்பிற் புல் பூண்டுகளை அகற்றி, வளைகளை அழித்து, எலி தங்க இடங்கொடாது காக்க. வேலை முடிந்தபின் சுத்தமான நீராற் கைகால்களைக் கழுவுக.

விதைநெல்லைத் தேர்ந்து, நாள் பார்த்து விதைக்கும் கமக்காரர் தம் உடலைக் காப்பதிலும் அத்துணைக் கருத்துடையவராதல் வேண்டும். நாள் தவறாது, உணவுக்குப்பின், ஒரு குவளை தண்ணீரோடு விழுங்கும் இரு குளிசைகள் அக்காவலின் ஒரு பகுதியாகும். மடியில் இருக்கும் குளிசை எவரையும் காவாது.