பகடையும் கணக்கும்: இணையத்தில் பேஸ்போல் ஆடும் முறை

1981ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரிலே புதுமையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நாட்டின் தலைசிறந்த பேஸ்போல் வீரர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து அன்று அங்கே பொருதுவதாக இருந்தது. ஆனால் வீரர்களோ வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தனர். 70,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கு வெறிச்சோடிக் கிடந்தது. அந்த வெற்றரங்கினுள்ளே மேசையொன்றை இட்டு, பகடை உருட்டி, அதே ஆட்டத்தைச் சிலர் ஆடி முடித்தனர். வீரர்களுக்குப் பதிலாக அங்கே இருந்தவை அச்சிட்ட அட்டைகள். தேசிய லீக் அணி 15க்கு 2 என்ற ஓட்டக்கணக்கில் வெற்றி பெற்றது.

நேயர்களே, வீரர் இன்றி ஆட்டம் எவ்வாறு நடைபெறும் என்று நீங்கள் வினவலாம். அன்று பயன்பட்ட ஆட்டத்தின் பெயர் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்பதாகும். அதன் கருவை ஹால் ரிச்மன் என்பவர் 1948இல், 11 வயதுச் சிறுவராக நியூயோர்க் மாநிலத்தில் வாழ்ந்தபோது, உருவாக்கினார். 1961இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உண்மையான வீரர் ஒருவர் ஓர் ஆண்டில் எத்தனை முறை பந்தை அடித்தார், எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்னும் கணக்கை ஓர் அட்டையிலே அடக்கிவிட முடியுமானால், பகடையைக் கொண்டு அந்த வீரரை மீண்டும் ஆடவைக்கலாம் என்பதே அவர் கண்ட உண்மை.

அதன் அமைப்பு எளியது. மூன்று பகடைகள் உருட்டப்படும். முதற் பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும்; 4, 5, 6 விழுந்தால் பந்தெறிபவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். மற்றை இரண்டின் கூட்டுத்தொகை, அந்த அட்டையில் எந்த வரியைப் படிப்பது என்பதைக் காட்டும். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 ஆவதற்கு 36இல் 6 வழிகள் உண்டு. 2 ஆவதற்கோ ஒரே வழிதான். ஆகவே 7ஆம் வரியில் நல்ல அடி எழுதப்பட்ட வீரர், 2ஆம் வரியில் அது எழுதப்பட்டவரைவிட ஆறு மடங்கு அடிக்கடி அதனைப் பெறுவார். தாயம் ஆடிப் பழகிய நமக்கு இது விளங்காத கணக்கன்று.

இந்த ஆட்டமும் இதையொத்த வேறு சிலவும் இன்று இணையத்தின் வழியாக ஆடப்படுகின்றன. பகடையின் வேலையைக் கணினி செய்கிறது. ஆடுபவர் நிர்வாகியாக இருந்து, குறிப்பிட்ட கற்பனைப் பணத்துக்குள் வீரர்களை வாங்கி அணி அமைக்கிறார். யார் முதலில் அடிப்பது, எப்பொழுது பந்தெறிபவரை மாற்றுவது என்று முன்கூட்டியே கட்டளை எழுதிவைக்கிறார். நாள்தோறும் சில ஆட்டங்களைக் கணினி ஆடி, முடிவை அறிவிக்கிறது. 162 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவம் இவ்வாறு சில வாரங்களில் நிறைவெய்தும்.

பேஸ்போலை அறியாதவர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டுக் கிராமங்களில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தவர் ஓட வேண்டும். தளங்களைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வந்தால் ஓர் ஓட்டம். ஓர் அணியில் மூவர் ஆட்டமிழந்தால் அதன் முறை முடியும். ஒன்பது முறைகள் கொண்டது ஓர் ஆட்டம். ஆகவே ஓர் அணியின் கையிலுள்ள முதல் 27 ஆட்டமிழப்புகளே. கிரிக்கெட்டிலே பத்து விக்கெட்டுகளை எவ்வாறு காக்கிறோமோ, அவ்வாறே இந்த 27ஐயும் காக்க வேண்டும். இதனை உணர்ந்தவரே இவ்வாட்டத்தின் முதற் பாடத்தைக் கற்றவராவார்.

புதியவர்கள் பெரும்பாலும் அடிச் சராசரியைக் கண்டு மயங்குவர். பந்தெறிபவர் நான்கு தவறான பந்துகளை எறிந்தால், அடிப்பவர் அடியாமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். அடிச் சராசரியில் இந்த நடை சேராது. ஓர் உதாரணம் கொள்வோம். இருவர் தலைக்கு 600 முறை அடிக்க வருகின்றனர். முதலாமவர் அடியில் சிறந்தவர், ஆயினும் பொறுமையற்றவர், 198 முறை தளம் சேர்கிறார். இரண்டாமவரின் அடி சற்றுக் குறைவு; ஆயினும் தவறான பந்தைத் தொடாதவர்; 228 முறை தளம் சேர்கிறார். இரண்டாமவர் மிச்சப்படுத்தும் ஆட்டமிழப்புகள் 30. அஃதாவது, ஓர் ஆட்டம் முழுவதற்கும் போதிய முதலுக்கு மேல் அவர் ஒருவரே தேடித்தருகிறார். வீரர்களை வாங்கும்போது தளம் சேரும் வீதத்தை முதலிலும் அடிச் சராசரியைப் பின்னரும் பார்ப்பதே முறை.

ஆட்டமிழப்பின் விலையைக் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் ஜோர்ஜ் லின்ட்சே குறிப்பிடத்தக்கவர். கனடா நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த இவர், 1963இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் பேஸ்போல் உத்திகளை ஆராய்ந்தார். அவருடைய தந்தையார் வானொலி, தொலைக்காட்சி வாயிலாகப் பின்தொடர்ந்து குறித்துவைத்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் விவரமே அந்த ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. இன்று அத்தகைய அட்டவணை எவருக்கும் எளிதிற் கிடைக்கிறது. 2010 முதல் 2015 வரையான ஆட்டங்களின்படி, எவரும் ஆட்டமிழக்காமல் முதல் தளத்தில் ஒருவர் நின்றால், அந்த முறையில் சராசரியாக 0.86 ஓட்டம் எதிர்பார்க்கலாம். பந்தை மெல்லத் தட்டித் தன்னைப் பலியிட்டு, அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினால் எதிர்பார்ப்பு 0.66 ஆகக் குறைகிறது. வீரர் முன்னேறினார், அணியோ பின்னடைந்தது. ஒரே ஓட்டம் வேண்டிய கடைசி நேரத்திலன்றி இந்த உத்தி பயன் தராது.

தளத்தைக் களவாடி ஓடுவதும் இத்தகையதே. வெற்றி பெற்றால் 0.86 என்பது 1.10 ஆகும், பிடிபட்டால் 0.25 ஆகிவிடும். இலாபம் கால் ஓட்டத்திலும் குறைவு; நட்டமோ அரை ஓட்டத்திலும் மிகுதி. நூற்றுக்கு ஏறத்தாழ 72 முறை வெற்றி பெறாதவரை ஓடவிடுதல் கூடாது என்பது இதன் முடிபு. ஆகவே, மந்தமாக ஓடுபவர்களுக்கு ஓடும் கட்டளை எழுதிவைப்பவர் தம் கையாலேயே தம் முதலைச் செலவழிக்கிறார்.

அடுத்து நோக்க வேண்டியது காலம். இவ்வாட்டங்களில் பல, வெவ்வேறு ஆண்டுகளின் வீரர்களை ஓர் அணியிற் சேர்க்க இடமளிக்கின்றன. 1930இல் தேசிய லீக் முழுவதினதும் அடிச் சராசரியே ஆயிரத்துக்கு 303. 1968இல் அமெரிக்க லீக்கின் முதன்மை அடிப்பாளரான கார்ல் யாஸ்த்ரெம்ஸ்கி பெற்றது ஆயிரத்துக்கு 301 மட்டுமே. அவ்வாண்டு அந்த லீக்கின் சராசரி 230. எனவே எண்ணால் சிறிய 301, பொருளால் பெரிது. அதே 1968இல் தேசிய லீக்கின் பொப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ஓட்டங்களே கொடுத்தார். பந்தெறிபவர்களின் ஆதிக்கத்தைத் தணிக்க, அவர்கள் நின்று எறியும் மேட்டின் உயரம் 1969இல் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. நன்கமைந்த ஆட்டங்கள் ஒவ்வொரு வீரரையும் அவர் காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றன. நீங்கள் சேரும் ஆட்டம் அவ்வாறு செய்கிறதா என்பதை, அதன் விதிகளைப் படித்து முதலிலேயே தெளிந்துகொள்ளுங்கள்.

இடமும் அவ்வாறே. டென்வர் நகரில் 1995இல் திறக்கப்பட்ட கூர்ஸ் ஃபீல்ட் அரங்கு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் பந்து நெடுந்தூரம் பறக்கும். அத்தகைய அரங்கைத் தெரிவு செய்தவர், எல்லைக்கு அப்பால் அடிக்கவிடாத பந்தெறிபவர்களைத் தேட வேண்டும். விரிந்த அரங்கைத் தெரிவு செய்தவரோ விரைந்தோடும் களத்தடுப்பாளர்களை நாட வேண்டும். வலிய அடிப்பவர்களுக்குக் கொடுக்கும் விலை அங்கே பெரும்பாலும் வீணாகும்.

வீரரின் களைப்பையும் மறத்தலாகாது. 162 ஆட்டங்களை ஒன்பதால் பெருக்கினால் 1,458 இன்னிங்ஸ். நீங்கள் வாங்கிய பந்தெறிபவர்கள் உண்மையில் எறிந்தவை எல்லாம் சேர்ந்து 1,200 ஆனால், களைப்பைக் கணக்கிடும் ஆட்டங்களில் பருவத்தின் கடைசியில் அவர்கள் தோள் சோர்ந்துவிடும். 1,700 ஆனாலோ, பயன்படாத இன்னிங்ஸுக்கு வீணே விலை கொடுத்தவராவீர்கள். தேவையை எண்ணிப் பார்த்து வாங்குவதே சிக்கனம்.

இவற்றுக்கெல்லாம் துணைக்கருவிகள் யாவை? முதலாவது, பழைய ஆட்டங்களின் பதிவு. 1989இல் தொடங்கப்பட்ட ரெட்ரோஷீட் என்னும் தொண்டர் அமைப்பு, பழைய ஆட்டங்களின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகத் திரட்டி இலவசமாக வழங்கி வருகிறது. இரண்டாவது, மேலே சொன்ன ஓட்ட எதிர்பார்ப்பு அட்டவணை. மூன்றாவது, கணினியில் உள்ள விரிதாள். வீரரின் பெயர், விலை, தளம் சேரும் வீதம் மூன்றையும் நிரற்படுத்தினால், எவர் விலைக்கு மிஞ்சிய பயன் தருவார் என்பது கண்முன் நிற்கும். விரிதாள் இல்லாதவருக்குக் கோடிட்ட கொப்பி ஒன்றே போதும்.

நான்காவது, பில் ஜேம்ஸ் என்னும் ஆய்வாளர் வகுத்த எளிய சூத்திரம். அடித்த ஓட்டங்களின் வர்க்கத்தை, அடித்தவற்றின் வர்க்கமும் கொடுத்தவற்றின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பருவத்தின் பாதியில், 81 ஆட்டங்களில், உங்கள் அணி 400 ஓட்டங்கள் அடித்து 350 கொடுத்திருக்கிறது என்று கொள்வோம். விடை 0.566, அஃதாவது 46 வெற்றிகள் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தவை 39 மட்டுமே. நிர்வாகி மனமுடைந்து அணியைக் கலைக்க நினைக்கிறார். சூத்திரமோ, குறை பெரும்பாலும் அணியில் அன்று, காலத்தில் என்று அவருக்கு உரைக்கிறது.

இவ்வாட்டத்தில் பலர் தோற்பது இந்த இடத்திலேதான். நூற்றுக்கு 55 ஆட்டங்கள் வெல்லத்தக்க நல்ல அணியும், ஏதேனும் பத்து ஆட்டங்களை எடுத்துக்கொண்டால், நான்கில் ஒரு முறை ஆறு ஆட்டங்களையோ அதற்கு மேலோ தோற்கும். இது சதியன்று, பகடையின் இயல்பு. அதனை அறியாதவர், தோல்வி கண்ட நாளெல்லாம் நல்ல வீரரை விற்று, நேற்று நன்றாக ஆடியவரை வாங்குகிறார். ஒவ்வொரு மாற்றத்திலும் அணியின் மதிப்புக் கரைகிறது. உண்மைப் பணம் கட்டி ஆடும் ஆட்டமாயின், இழந்ததை மீட்கும் வேகத்தில் மற்றோர் அணியையும் வாங்கிவிடுகிறார். பொழுதுபோக்கு அப்பொழுது பொருட்போக்காக மாறுகிறது. ஆகவே எத்தனை அணிகள், எவ்வளவு செலவு என்ற எல்லையைப் பருவம் தொடங்குமுன்பே வகுத்துக்கொள்ளுதல் நலம்.

முடிவு எப்பொழுதும் நம் கையில் இல்லை. தீர்மானம் நம் கையில் உண்டு. ஒரு தோல்விக்குப் பின், நான் எழுதிவைத்த கட்டளை தவறானதா, அன்றிப் பகடை மாறி விழுந்ததா என்று கேளுங்கள். கட்டளை தவறாயின் உடனே திருத்துங்கள். பகடையே காரணமாயின் அணியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த நாள் ஆட்டத்தைப் பாருங்கள். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகியவருக்கு, 162 ஆட்டங்கள் கொண்ட நெடும் பருவம் ஏற்ற களமாகும். ஒரு நாளின் ஆட்டத்தைப் பகடை தீர்மானிக்கலாம். நாள்கள் பல சேரச் சேரக் கணக்கின் கை ஓங்கும்.