முதன்மை நேர மூலம் தவறும்போது: வலையமைப்புக் கணினிகளின் கடிகார ஒத்திசைவு

ஆய்வுச் சுருக்கம்

வலையமைப்பில் இணைந்த கணினிகள் பொதுவான நேர மூலம் ஒன்றைப் பின்பற்றித் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்கின்றன. அம்மூலம் இரு வகையில் தவறலாம்: ஒன்று, விடையளிக்காமல் நின்றுபோதல், மற்றொன்று, பிழையான நேரத்தை அளித்தல். இரண்டாவதே பெருந்தீங்கு விளைவிப்பது என்பதையும், அதனைத் தடுக்க ஒன்றையொன்று சாராத பல மூலங்கள் தேவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடிகார ஒத்திசைவு, வலையமைப்பு நேர நெறிமுறை, நேர வழங்கி, பொய்க் கடிகாரம்.

முன்னுரை

கணினியின் கடிகாரம் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வுகளை எண்ணி இயங்குகிறது. வெப்பநிலையும் படிகத்தின் வயதும் அவ்வதிர்வைச் சிறிதளவு மாற்றுகின்றன. பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தாலே நாளொன்றுக்கு 0.864 நொடி பிழை சேரும். எனவே கணினிகள் அவ்வப்போது நேர வழங்கியை வினவித் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. இதற்குப் பெரிதும் பயன்படுவது டேவிட் மில்ஸ் உருவாக்கிய வலையமைப்பு நேர நெறிமுறை. 1985இல் முதன்முதலாக ஆவணப்படுத்தப்பட்ட இந்நெறிமுறையின் நான்காம் பதிப்பு 2010இல் வெளியானது. இதில் அணுக்கடிகாரத்துடனோ ஜி.பி.எஸ். ஏற்பியுடனோ நேரடியாக இணைந்த வழங்கி முதல் அடுக்கு எனப்படும். அதனைப் பின்பற்றுவது இரண்டாம் அடுக்கு. இவ்வாறு 15 அடுக்குகள் வரை அமையலாம்.

மூலம் மௌனமாகும் நிலை

வழங்கி விடையளிக்காவிட்டால், கணினி தன் கடிகாரம் விரையும் அல்லது பிந்தும் அளவை முன்னரே கணித்து வைத்திருப்பதால், அத்திருத்தத்துடன் தொடர்ந்து இயங்கும். எஞ்சும் பிழை மெல்லவே வளரும். அது பத்து லட்சத்தில் 10 பங்கு எனக் கொள்வோம். கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறை இயல்பாக 5 நிமிட வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். அவ்வளவு பிழை சேர ஏறத்தாழ 347 நாள் ஆகும். ஆனால் நிகழ்வுப் பதிவுகளை மில்லிநொடி அளவில் வரிசைப்படுத்தும் அமைப்பிலோ, ஒரு மில்லிநொடிப் பிழை 100 நொடிகளிலேயே சேர்ந்துவிடும். ஆகவே மௌனம் எவ்வளவு நேரம் தாங்கத்தக்கது என்பதைப் பயன்பாடே தீர்மானிக்கிறது.

இந்நிலையில் சரியான நேரம் கிடைக்காவிடினும், கணினிகள் தமக்குள் ஒத்த நேரத்தைப் பேணலாம். குசெல்லா, ஜாத்தி ஆகியோர் 1989இல் விளக்கிய பெர்க்லி முறையில், ஒருங்கிணைப்புக் கணினி ஏனையவற்றின் நேரங்களைக் கேட்டறிந்து, பெரிதும் விலகியவற்றை நீக்கிச் சராசரி காண்கிறது. பின்னர் ஒவ்வொன்றும் எவ்வளவு திருத்த வேண்டும் என்பதை அறிவிக்கிறது. ஒருங்கிணைப்புக் கணினி செயலிழந்தால் மற்றவை புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வலையமைப்பு நேர நெறிமுறையின் மென்பொருளில் 'ஆர்பன் மோடு' என்னும் ஏற்பாடு இதையொத்த பணியைச் செய்கிறது. வெளி மூலங்கள் அனைத்தும் அற்றபின் உள் வழங்கிகளுள் ஒன்று தலைமை ஏற்கிறது. அதற்குத் தாழ்ந்த அடுக்கு எண் வழங்கப்படாததால், மெய்யான மூலம் மீண்டதும் கணினிகள் அதனிடமே திரும்புகின்றன.

மூலம் பிழையுரைக்கும் நிலை

2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரு நேர வழங்கிகள் சிறிது நேரம் 2000ஆம் ஆண்டைத் தெரிவித்தன. அவற்றை நம்பியிருந்த பல வலையமைப்புகளின் கடிகாரங்கள் 12 ஆண்டு பின்னே சென்றன. விண்டோஸ் டொமைன் அமைப்பில் ஏனைய கணினிகள் தலைமைக் கட்டுப்பாட்டுக் கணினியின் நேரத்தைப் பின்பற்றுவதால், அங்கு நுழைந்த பிழை அமைப்பு முழுவதும் பரவி, அடையாளச் சரிபார்ப்பு தடைப்பட்டது.

1000 நொடிக்கு மேற்பட்ட வேறுபாட்டை ஏற்காமல் நின்றுவிடும் காப்பு வலையமைப்பு நேர நெறிமுறையின் மென்பொருளில் உண்டு. எனினும் கணினி தொடங்கும்போது எவ்வளவு பெரிய முதல் திருத்தத்தையும் ஏற்குமாறு அது அமைக்கப்படுவதும் உண்டு. மேலும், 1000 நொடிக்கு உட்பட்ட பொய்யை இக்காப்பு தடுக்காது.

மெய்க் கடிகாரங்களைத் தேர்தல்

இதற்கான தீர்வு கீத் மார்சுல்லோவின் 1984ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வில் அமைந்தது. ஒவ்வொரு மூலத்தின் விடையையும் ஒற்றைப் புள்ளியாகக் கொள்ளாமல், பிழை எல்லையுடன் கூடிய இடைவெளியாகக் கொள்வது அம்முறை. கணினிக்கும் நான்கு வழங்கிகளுக்கும் இடையிலான வேறுபாடு மில்லிநொடியில் முறையே 10–30, 15–35, 20–40, 900–920 எனக் கொள்வோம். முதல் மூன்றும் 20–30 என்னும் பகுதியில் ஒன்றுபடுகின்றன. நான்காவது பொய்க் கடிகாரம் என விலக்கப்படுகிறது. முதலாவதும் நான்காவதும் மட்டுமே இருந்தால் எது மெய் எனத் துணிய வழியில்லை. பொய்யுரைக்கும் ஒன்றை விலக்கக் குறைந்தது மூன்று தேவை. அம்மூன்றில் ஒன்று மௌனமானாலும் இத்திறன் இழக்கப்படும். இதனாலேயே 2019இல் வெளியான நடைமுறைப் பரிந்துரை குறைந்தது நான்கு மூலங்களை வலியுறுத்துகிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது. 2016 ஜனவரி 26 அன்று ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சில ஏறத்தாழ 13 மைக்ரோநொடி பிழையுடைய நேரத் தகவலை ஒலிபரப்பின. நான்கு வழங்கிகளும் ஜி.பி.எஸ்.ஸையே சார்ந்திருப்பின், கணக்கில் சாட்சிகள் நால்வர், உண்மையில் ஒருவரே.

முடிவுரை

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளுடன், அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தத்தக்க வழங்கிகளுடன் கணினிகளை ஒத்திசைக்கப் பணிக்கிறது. நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் பாதுகாக்கவும் அவ்வாணை கோருகிறது. இணையக் குற்ற விசாரணையில் எது முன், எது பின் என்பதை அப்பதிவுகளே உரைக்கும். ஒரே மூலத்தைப் பின்பற்றும் வலையமைப்பில் அம்மூலம் பிறழ்ந்தால், பதிவுகள் அனைத்தும் ஒருசேரப் பிழைபட்டும் தமக்குள் முரணின்றித் தோன்றும். எனவே கணினிகள் தமக்குள் ஒத்திருப்பதை மட்டும் சரியான நேரத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. வெவ்வேறு தோற்றுவாய்களைக் கொண்ட நான்கு மூலங்களேனும் அமைத்தலும், தொடக்கத் திருத்தத்திற்கு வரம்பிடுதலும், விலக்கப்படும் மூலங்களைத் தொடர்ந்து கண்காணித்தலும் வலையமைப்பு நிர்வாகத்தின் அடிப்படைக் கடமைகளாகும்.