பயறு டப்பாவில் நஞ்சு வேண்டாம்



பாபிலோன் அரமனையில் தானியேலும் அவன் தோழர்களும் ராஜபோஜனத்தை விலக்கிப் பருப்பு உணவைக் கேட்டு வாங்கியதை நாம் அறிவோம். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் குடும்பங்களுக்கு மொச்சை, காராமணி, துவரை, கொள்ளு ஆகியவையே மலிவான சத்துணவு. விலை குறைவான நாளில் மொத்தமாக வாங்கி வைப்பது நல்ல சிக்கனம். ஆனால் ஓரிரு மாதத்தில் வண்டு வந்துவிடுகிறது.

இந்த வண்டு பெரும்பாலும் வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடும். புழு பயறுக்குள் இருப்பதால் வாங்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. இதற்குப் பயந்து சிலர் கிடங்குகளில் போடும் வண்டு மாத்திரையை வீட்டு டப்பாவில் போடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. அதிலுள்ள அலுமினியம் பாஸ்பைடு, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து ஏறக்குறைய 1 கிராம் வாயு வெளிப்படும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. வீடுகளுக்குள் எளிதில் புகுந்த 10, 20 மாத்திரைக் குழாய்களை மத்திய அரசு 2001-இல் தடை செய்தது.

நஞ்சை விழுங்கினால்தான் ஆபத்து என்று எண்ணாதீர்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் அதன் நெடியாலேயே மாண்டார்கள்.

நமக்கு வெயில் என்னும் ஈவைக் கர்த்தர் தாராளமாகவே தந்திருக்கிறார்.

1. பயறை மெல்லியதாகப் பரப்பி 2, 3 நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். கடித்தால் 'டக்'கென்று உடையவேண்டும்.

2. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் கொட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

3. முழுப் பயறானால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் தடவிப் பிசறலாம். வண்டு முட்டை பொரிப்பது வெகுவாகக் குறையும்.

4. டப்பாவை விளிம்புவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

5. பூஞ்சணம் பிடித்த பயறைக் கழுவிச் சமைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

6. ரசாயனம் வந்த பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைத்தாலும் தானியத்துக்கு வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் அதை நம்ப முடியாது.

ஒருவேளை யாராவது அம்மாத்திரையை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தண்ணீரோ மோரோ புகட்டாதீர்கள். ஈரம் பட்டால் வாயு பெருகும். அறையில் நெடி இருந்தால் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். உடனே 108-ஐ அழைத்து, மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஜெபமும் காணிக்கையும் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவைத் தாங்கிவருகின்றன. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். ஆனால் முறிவில்லாத இந்த நஞ்சுக்கு முன்னால் மருத்துவரும் கையைப் பிசைந்து நிற்கவேண்டியிருக்கிறது. படுக்கையருகே ஜெபிக்கிற நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றே: இந்தப் பக்கத்தை உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாசித்துக் காட்டுங்கள். அதனால் ஒரு வீட்டிலாவது அந்த மாத்திரை நுழையாமல் போனால், அதுவும் நீங்கள் இம்மருத்துவப் பணிக்குச் செலுத்தும் காணிக்கையே.

ஆண்டவர் உங்கள் களஞ்சியத்தையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்