காரின் மூளையை மாற்றினால் டீலருக்குத் தெரியுமா?



சென்ற மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நான் லண்டனில் ஒரு கராஜில், கொம்பியூட்டர் மூலம் வாகனக் கோளாறுகளைக் கண்டறியும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். எம்மவர் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, எஞ்சினை ரீமாப் செய்தால் டீலருக்குத் தெரியுமோ?" பெற்றோர் கேட்பது வேறு: "தம்பி, இவன் காருக்கு ஏதோ செய்து போட்டான். இனி வறண்ரி கிடைக்குமோ?" பிள்ளை கேட்பது கண்டுபிடிப்பைப் பற்றி. பெற்றோர் கேட்பது அதற்குப் பிறகு வரும் பில்லைப் பற்றி. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

ரீமாப் என்றால் என்ன?

இன்றைய கார்களில் எஞ்சினை இயக்குவது ஈ.சி.யூ எனப்படும் ஒரு சிறிய கொம்பியூட்டர் பெட்டி. எவ்வளவு எரிபொருள் தெளிப்பது, ரேர்போ எவ்வளவு காற்றழுத்தம் கொடுப்பது, பெற்றோல் எஞ்சின் என்றால் எந்தக் கணத்தில் தீப்பொறி விழுவது என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டவணைகளின் எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமாப். ஸ்ரியரிங்கின் கீழே இருக்கும் ஓ.பி.டி இணைப்பில் வயரைக் கொழுவி, அனேகமான கார்களில் ஓரிரு மணி நேரத்துக்குள் செய்துவிடுவார்கள்.

தயாரிப்பாளர்கள் எஞ்சினைக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அமைக்கிறார்கள். வெப்ப நாடு, குளிர் நாடு, தரம் குறைந்த எரிபொருள், நேரத்துக்குச் சேர்விஸ் செய்யாத சொந்தக்காரர் என்று எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். ரேர்போ பூட்டிய எஞ்சினில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் வலு நன்றாகவே கூடும். ரேர்போ இல்லாத எஞ்சினில் கிடைப்பது சொற்பம். கூடும் வலுவைச் சுமப்பவை கிளச், கியர் பெட்டி, ரேர்போ, பிஸ்டன் ஆகியவை. அவை பழைய அளவிலேயே இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

டீலர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதலாவது வழி, சி.வி.என் என்ற சரிபார்ப்பு எண். ஊரில் சங்கக்கடைக் கணக்குக் கொப்பியை நினைத்துப் பாருங்கள். பக்கத்தின் அடியில் மொத்தத் தொகை இருக்கும். நடுவில் யாராவது சீனியின் விலையை மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை பொருந்தாது. ஈ.சி.யூவும் இப்படித்தான் தனது மென்பொருள் முழுவதையும் வைத்து ஒரு எண்ணைக் கணக்கிட்டுக் கொடுக்கும். ஒரே மென்பொருள் உள்ள எல்லாக் கார்களிலும் அந்த எண் ஒன்றாகவே இருக்கும். ஓரிடத்தில் கை வைத்தாலும் எண் மாறும். தயாரிப்பாளரிடம் சரியான எண்களின் பட்டியல் இருக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனி வட அமெரிக்காவில் சில எஞ்சின்களுக்கு, வறண்ரியில் எஞ்சினையோ கியர் பெட்டியையோ மாற்றுவதற்கு முன் இந்த எண்ணைச் சரிபார்த்துப் படமெடுத்து வைக்கும்படி டீலர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தியிருக்கிறது.

இரண்டாவது வழி, எழுதிய தடவைகளின் கணக்கு. பல ஈ.சி.யூக்கள் தமக்குள் எத்தனை தடவை மென்பொருள் எழுதப்பட்டது என்பதைப் பதிந்து வைக்கும். டீலர் ஒரு தடவையும் எழுதியதாகப் பதிவு இல்லாத காரில் அந்தக் கணக்கு இரண்டு என்று காட்டினால், அந்த இரண்டும் எங்கே நடந்தவை என்ற கேள்வி வரும்.

மூன்றாவது வழி, ஓட்டத்தின் பதிவுகள். ரேர்போவின் அழுத்தம் எவ்வளவுக்கு ஏறியது, கோளாறு ஏற்பட்ட கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது போன்ற விபரங்கள் நினைவில் நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த அளவில் அந்த எஞ்சின் ஒருபோதும் காட்ட முடியாத எண் அங்கே இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

நான்காவது வழி, இரும்பே சொல்லும் சாட்சி. உருகிய பிஸ்டன், எரிந்த கிளச், அளவுக்கு மீறிச் சுழன்று உடைந்த ரேர்போ ஆகியவற்றை அனுபவமுள்ள பொறியியலாளர் பார்த்தே சந்தேகப்படுவார்.

வொக்ஸ்வாகன் குழுமத்தின் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வொக்ஸ்வாகன், அவுடி, சீற், ஸ்கோடா கார்களை டீலர் தமது கருவியில் இணைத்தவுடன் அது தயாரிப்பாளரின் கொம்பியூட்டருடன் தொடர்பு கொள்ளும். மென்பொருள் பொருந்தாவிட்டால் அந்தக் காரின் செசி இலக்கத்துக்கு எதிரே ரி.டி.1 என்ற குறி விழும். அதன் பிறகு எஞ்சின், கியர் பெட்டி சம்பந்தமான வறண்ரிக் கோரிக்கைகள் அங்கேயே தடைப்படும். கருவியைக் கொழுவிய மெக்கானிக் உங்களுக்கு நன்கு தெரிந்தவராக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பழையபடி மாற்றி வைத்தால்?

பிள்ளைகள் அடுத்துக் கேட்பது இது. சேர்விசுக்குப் போவதற்கு முன் பழைய மென்பொருளைத் திரும்ப எழுதிவிட்டால் சி.வி.என் எண் பொருந்திவிடலாம். ஆனால் எழுதிய தடவைகளின் கணக்கு கூடியிருக்கும். சில கருவிகள் அந்தக் கணக்கையும் மறைக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது சில ஈ.சி.யூக்களில் சரிவரும், சிலவற்றில் சரிவராது. உங்கள் கார் எந்த வகை என்பது பிடிபட்ட பிறகுதான் தெரியவரும்.

ரியூனிங் பெட்டி என்று ஒன்றும் விற்கிறார்கள். அது ஈ.சி.யூவைத் தொடாமல், சென்சருக்கும் ஈ.சி.யூவுக்கும் நடுவில் நின்று பொய் சொல்லும். அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈ.சி.யூ நம்பி, அதைக் கூட்டும். கழற்றினால் மென்பொருளில் தடயம் இராது. ஆனாலும் ஈ.சி.யூ பழகிக்கொண்ட திருத்த அளவுகள், கோளாறுப் பதிவுகள், இணைப்புகளில் விழுந்த கீறல்கள் எஞ்சியிருக்கலாம். அத்துடன் கார் நடுவீதியில் நின்று டீலரிடம் இழுத்துச் செல்லப்படும் நாளில் பெட்டியைக் கழற்ற உங்களுக்கு நேரம் கிடைக்காது.

எப்போது தேடுவார்கள்?

ஒயில் மாற்றப் போகும் ஒவ்வொரு தடவையும் யாரும் துருவிப் பார்ப்பதில்லை. வேலைக்கு வேண்டியதைச் செய்து அனுப்பிவிடுவார்கள். சில வேளை டீலர் புதிய மென்பொருளை ஏற்றும்போது உங்கள் ரீமாப் தானாகவே அழிந்தும் போகும். கொம்பனி ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்க வேண்டிய நாளில்தான் தேடல் கடுமையாகும்.

இங்கே நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தகப்பனார் தன் காரின் கடிதங்களோடு என்னிடம் வந்தார். வறண்ரி முடிய இன்னும் காலம் இருக்கையில் கியர் பெட்டி பழுதாகிவிட்டது. டீலர் மறுத்துவிட்டார். மகன் ரீமாப் செய்து, பின்னர் பழைய மென்பொருளைத் திரும்பவும் எழுதுவித்திருந்தான். ஆனால் கடிதத்தில் இருந்த திகதி எட்டு மாதத்துக்கு முந்தியது. சாதாரண சேர்விசுக்குப் போன அன்றே குறி விழுந்திருக்கிறது. அன்று யாரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. மகன் தலை குனிந்து நின்றான். காருக்குக் கையெழுத்து வைத்தவர் தகப்பன். திருத்தச் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது.

யாருடைய பெயரில் கார்?

எங்கள் வீடுகளில் இதுதான் பெரிய விடயம். வந்த காலத்தில் இரண்டு வேலை பார்த்து, வங்கியில் நல்ல பெயர் எடுத்தவர் தகப்பன் அல்லது தாய். அந்தப் பெயரில்தான் கடன், கார், காப்புறுதி எல்லாம். ஓடுவது பிள்ளை.

பி.சி.பி என்ற தவணை முறையில் எடுத்த கார், கடைசிப் பணம் கட்டும்வரை நிதிக் கொம்பனிக்குச் சொந்தம். அனுமதியின்றி அதை மாற்றுவது பொதுவாக ஒப்பந்த மீறல். திருப்பிக் கொடுக்கும்போது அதற்கும் பணம் கேட்கலாம்.

காப்புறுதி இதைவிடப் பாரதூரமானது. பிரித்தானியாவில் ரீமாப் செய்வது அதனளவில் குற்றமில்லை. காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. 2012ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கொம்பனி கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே பொய்ப் பதில் கொடுத்திருந்தால் பொலிசியை இல்லாமல் செய்து, இழப்பீட்டை மறுத்து, கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவு என்றால் அதன் அளவுக்கு ஏற்ப இழப்பீடு குறையலாம். பொலிசி எடுத்த பிறகு செய்த மாற்றங்களையும் அறிவிக்க வேண்டும் என்று அனேகமான பொலிசிகளில் நிபந்தனை உண்டு. விபத்தில் மற்றவருக்குப் பட்ட சேதத்தைக் கொம்பனி கட்ட வேண்டி வந்தாலும், அதை உங்களிடம் திருப்பிக் கேட்கும் உரிமையைப் பல பொலிசிகள் வைத்திருக்கின்றன.

ஒருமுறை பொலிசி இல்லாமல் செய்யப்பட்டால் பின்னர் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதைக் கேட்பார்கள். மினிகாப் ஓடியோ, சாமான் விநியோகித்தோ பிழைக்கும் ஒரு தகப்பனுக்கு அது தொழிலையே பாதிக்கும். காப்புறுதி இல்லாமல் ஓடினால் தண்டனை 300 பவுண், 6 புள்ளிகள். முதல் அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் விழுந்தால் அது இரத்தாகும். திரும்பவும் பரீட்சை எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளை தினமும் ஓடும் காருக்குத் தகப்பனைப் பிரதான சாரதி என்று எழுதுவது இங்கே மோசடியாகவே கருதப்படும். அந்தப் பொய்யின் மேல் ரீமாப்பும் சேர்ந்தால் காப்பாற்ற யாருமில்லை.

புகை வடிகட்டியைத் தொடாதீர்கள்

டீசல் கார்களில் புகை வடிகட்டியைக் கழற்றி, மென்பொருளில் அதை மறைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அப்படி மாற்றிய காரை வீதியில் ஓடுவது குற்றம். காருக்கு 1,000 பவுண் வரை, வானுக்கு 2,500 பவுண் வரை அபராதம் விதிக்கலாம். 2014 பெப்ரவரி முதல் எம்.ஓ.ரி பரிசோதனையில் வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு

குறி விழுவது செசி இலக்கத்தில். சொந்தக்காரர் மாறினாலும் அது காரோடேயே வரும். மூன்று வயதுக் காரை வறண்ரி மிச்சம் இருக்கிறது என்று நம்பி வாங்குபவர் அந்தச் சுமையையும் சேர்த்தே வாங்குகிறார். பணம் கொடுப்பதற்கு முன் அந்த வகைக் காரின் டீலரிடம் செசி இலக்கத்தைக் கொடுத்து, வறண்ரிக்கு ஏதும் தடை உண்டா என்று விசாரியுங்கள். மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

என்ன செய்யலாம்?

1. வறண்ரியும் தவணையும் முடியும்வரை எஞ்சினில் கை வைக்க வேண்டாம்.

2. செய்வதென்றால் முதலில் காப்புறுதிக் கொம்பனிக்கு அறிவித்து, பதிலை எழுத்தில் பெறுங்கள். சிலர் கூடுதல் பணம் கேட்பார்கள், சிலர் மறுப்பார்கள். இரண்டும் முன்கூட்டியே தெரிவது நல்லது.

3. தயாரிப்பாளரின் அனுமதியோடு வரும் மாற்றங்களும் உண்டு. வொல்வோ, போல்ஸ்ரார் என்ற பெயரில் வறண்ரி கெடாமல் வலுவைக் கூட்டும் மென்பொருளை விற்றிருக்கிறது. அதையும் காப்புறுதிக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

4. டீலர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எஞ்சின் மாற்றத்தைச் சொல்லி ஜன்னல் மோட்டாரையோ ஏசியையோ மறுத்தால், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். தீராவிட்டால் கார் விற்பனை, வறண்ரிப் பிணக்குகளுக்கு மோட்டார் ஒம்புட்ஸ்மன் இருக்கிறது. ஆனால் அந்த டீலரோ கொம்பனியோ அதில் அங்கத்துவம் பெற்றிருக்க வேண்டும். காப்புறுதிக்கும் தவணைக் கடனுக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறது. இரண்டும் எமக்கு இலவசம்.

5. மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளை வைத்துப் பொலிசியின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "காரில் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா?" என்ற கேள்விக்கு உங்கள் பெயரில் பதில் போகிறது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வேகத்தில் ஆசை வருவது இயல்பு. எனக்கும் நல்ல எஞ்சினின் சத்தம் பிடிக்கும். ஆனால் டீலருக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்பதற்கு முன், அந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்த அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தெரியுமா என்று யோசியுங்கள். அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யக்கூடியதென்றால் செய்யுங்கள்.

அடுத்த மாதம் குளிர்கால ரயர்கள், பற்றரி பராமரிப்பு பற்றிக் கதைப்போம். உங்கள் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள்.