மாணாக்கர் எழுதும் மரணசாசனம்

மீசை அரும்பும் பருவத்தில் மரணசாசனம் எழுதுவாரும் உளரோ? சென்ற நூற்றாண்டின் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் இது பெருவழக்கு. விடைபெறும் வகுப்பார், "சித்தசுவாதீனத்துடன்" என நொத்தாரிசு பாணியில் தொடங்கி, கடைசி வாங்கையும், பிந்தி வருவோர்க்கான சாட்டுக்களையும், ஏன், ஆசிரியரின் கோபத்தையுங்கூடக் கீழ்வகுப்பாருக்கு எழுதிவைப்பர்! உடன் ஆரூடமும் உண்டு: வாய்திறவா மங்கை அரசியல் மேடை ஏறுவாள், ஓட்டத்திற் கடைசியாய் வந்தவன் தபாற்காரனாவான். ஏளனம் எவர் நெஞ்சையும் சுடாதவரை நாமும் சிரிக்கலாம்.

1917இல், சிக்காகோவை அடுத்த ஓக் பார்க் பாடசாலையில் வகுப்பின் ஆரூடக்காரராய் விளங்கியவர், 1954இல் நோபெல் பரிசு பெற்ற ஏர்னெஸ்ற் ஹெமிங்வே. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கி இரு மாதங்களே சென்றிருந்த வேளை அது. தோழர்தம் எதிர்காலத்தை வேடிக்கையாய் உரைத்த அவ்விளைஞர், மறு ஆண்டு யூலையில், பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, இத்தாலியப் போர்முனையில் கால்களிற் படுகாயமுற்றுக் கிடந்தார்.