தொட்டி மண்ணைக் காரமாக்கும் தண்ணீர்

மாடித்தோட்டத் தொட்டிகளில் வளரும் கறிவேப்பிலை, இட்லிப்பூ, ரோஜா போன்ற செடிகளின் தளிர்கள், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுத்து மஞ்சளாவதைக் கண்டவுடன் உரம் போதவில்லை என்றே பலரும் முடிவு செய்கின்றனர். தழைச்சத்துக் குறைவு முதிர்ந்த இலைகளில்தான் முதலில் தோன்றும். தளிர் வெளுப்பது பெரும்பாலும் இரும்புச்சத்து கிடைக்காமையின் அடையாளம். அச்சத்து தொட்டியில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போவதற்கு மண்ணின் கார அமில நிலையே பல நேரங்களில் காரணமாகிறது.

இந்நிலையை அளக்கும் பி.எச். அளவுகோலை டென்மார்க்கின் வேதியியலாளர் சோரென்சன் 1909இல் வகுத்தார். அதில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை உகந்தது. காரம் மிகும்போது இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை எளிதில் கரையாத வடிவங்களாக மாறுவதோடு, மணிச்சத்தும் கால்சியத்துடன் பிணைந்து வேருக்குப் பயன்படாமல் போகிறது.

இயற்கை உரத்தை இடும்போது இந்த நிலை ஒரே திசையில் நகர்வதில்லை. கடலைப் புண்ணாக்கிலுள்ள புரதத்தை நுண்ணுயிரிகள் முதலில் அம்மோனியமாகச் சிதைக்கையில் காரம் சற்று ஏறுகிறது. பின்னர் வேறு பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகையில் அமிலம் வெளியாகிறது. வேப்பம் புண்ணாக்கு இந்த இரண்டாம் கட்டத்தைத் தாமதப்படுத்தும் இயல்புடையது. இத்தகைய ஏற்ற இறக்கங்களை மட்கு உரமும் தென்னை நார்க்கழிவும் ஓரளவு தணிக்கின்றன. இதுவே தாங்கல் திறன் எனப்படுகிறது. ஆனால் நிலத்தோடு ஒப்பிடத் தொட்டியிலுள்ள மண்ணின் அளவு மிகச் சிறிது என்பதால், அத்திறனும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

அந்தத் தாங்கல் திறனைத் தீர்த்துவிடுவதில் உரத்தைவிடப் பெரும்பங்கு வகிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். அந்நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் என்னும் காரப் பொருளின் அளவே, நீர்ப் பரிசோதனை அறிக்கையில் மொத்தக் காரத்தன்மை என்ற பெயரில் குறிக்கப்படுகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மையுள்ள நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால், வடிந்து வெளியேறுவது போக எஞ்சுவதே கணக்கு எனினும், நூறு நாளில் அத்தொட்டிக்குள் செல்லும் காரம் 30 கிராம் சுண்ணாம்புக்கல் தூளுக்கு ஈடானது. இந்தியக் குடிநீர்த் தர அளவின்படி, வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. ஆகவே குடிப்பதற்கு ஏற்ற நீர் செடிக்கும் ஏற்றதாகவே இருக்கும் என்று கொள்வதற்கில்லை. வெளுத்த செடிக்குச் சாம்பலை இடும் வழக்கம் இந்நிலையில் தீங்கையே பெருக்கும். சாம்பல் கடும் காரத்தன்மை கொண்டது.

எலுமிச்சைச் சாறும் புளித்த மோரும் நீரின் காரத்தை அப்போதைக்கு முறிப்பது உண்மையே. ஆயினும் அவற்றின் அமிலங்கள் நுண்ணுயிரிகளுக்கு உணவாகச் சிதைந்துவிடுவதால், முறிக்கப்பட்ட காரத்தில் பெரும்பகுதி மீண்டும் தலைதூக்குகிறது. நிலைத்த மாற்றம் தருவது கந்தகத் தூள்: மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் ஈரமும் வெப்பமும் உள்ள சூழலில் சில வாரங்களில் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. மேற்சொன்ன 30 கிராம் சுண்ணாம்பை ஈடுசெய்ய ஏறத்தாழ 10 கிராம் கந்தகம் போதும் என்றாலும், அதை ஒரே தடவையில் இடுவது வேரைத் தாக்கக்கூடும். எல்லாவற்றினும் மேலான வழி மழைநீர். அதில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டதால் பல கட்டடங்களில் அதற்கான குழாய்கள் முன்பே உள்ளன. அந்நீரில் ஒரு பங்கை நீர்த்தொட்டியில் தேக்கி, ஆழ்துளைக் கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினாலே காரச் சுமை ஏறத்தாழப் பாதியாகும்.

எதையும் இடுவதற்கு முன் அளப்பது இன்றியமையாதது. செடிக்கு வழக்கம்போல் நீர் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துச் சிறிதளவு காய்ச்சி வடித்த நீரை மண்பரப்பில் ஊற்றி, அடித்துளை வழியே வடியும் நீரைச் சேகரித்துப் பி.எச். மானியால் அளக்கலாம். லிட்மஸ் தாள் அமிலமா காரமா என்பதை மட்டுமே காட்டும் என்பதால் இதற்குப் போதாது. கந்தகம் இட்டிருந்தால், ஒரு மாதத்திற்குப் பின் இதே முறையில் மீண்டும் அளந்த பிறகே அடுத்த தவணையை முடிவு செய்ய வேண்டும்.