வண்ணத்தின் அடியில் வரலாறு

நுழையும்முன்

பழைய வீட்டின் சுவரைச் சற்றே சுரண்டிப் பார்த்தால், வெள்ளையின் அடியில் நீலமும் நீலத்தின் அடியில் மஞ்சளும் தென்படும். ஒவ்வொரு நிறமும் அவ்வீட்டில் வாழ்ந்த ஒரு தலைமுறையின் அடையாளம். பழைய வானூர்திகளும் அவ்வாறே பல வண்ண அடுக்குகளைச் சுமந்து நிற்கின்றன. அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக அவற்றைச் சீரமைப்போர் அவ்வடுக்குகளை எவ்வாறு அகற்றுகின்றனர்? அப்பணியில் மனித உடலையும் உலோகத்தையும் வரலாற்றையும் ஒருசேரக் காப்பது எங்ஙனம்? இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

பூச்சு ஏன் அகற்றப்படுகிறது?

வானூர்தியின் வண்ணப்பூச்சு அழகுக்காக மட்டும் பூசப்படுவதன்று. மழை, வெயில், உப்புக்காற்று ஆகியவற்றிலிருந்து உலோகத்தைக் காப்பதே அதன் முதற்பணி. ஆண்டுகள் பல கடந்தபின் பூச்சில் வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே நுழையும் ஈரம், பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே தங்கி அரிமானத்தை உண்டாக்குகிறது. மேலே பளபளப்பாகத் தோன்றும் தகடு உள்ளே பொடிந்து கிடக்கலாம். எனவே, உலோகத்தின் உண்மை நிலையை அறிவதற்குப் பூச்சை அகற்றுவது பல வேளைகளில் தவிர்க்க இயலாததாகிறது.

அவ்வாறு அகற்றும்போது வெளிப்படும் உலோகம் மிக மென்மையானது. 1906ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியம் நாள்கள் செல்லச் செல்ல வலுப்பெறுவதைக் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பின் வழிவந்த உலோகக்கலவையே டியூராலுமின். வலிமையில் சிறந்த இக்கலவை அரிமானத்திற்கு எளிதில் ஆட்படும். அதனைத் தடுக்க, தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வைபோல் பொருத்தினர். 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் ஒரு பக்கப் போர்வை ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அது தலைமுடியைவிட மெல்லியது. கவனமின்றித் தேய்த்தால் அப்போர்வை பூச்சோடு சேர்ந்து போய்விடும். பின்னர் அதனை மீண்டும் பொருத்த வழியில்லை.

பூச்சில் உறையும் நஞ்சு

இரண்டாம் உலகப்போர்க் கால வானூர்திகளின் உட்புறத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஓர் அடிப்பூச்சைக் காணலாம். அது துத்தநாகக் குரோமேட்டு. அரிமானத்தைத் தடுப்பதில் அது வல்லது. ஆயினும், அதிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அக்காலப் பூச்சுகள் சிலவற்றில் காரீயமும் கலந்திருந்தது. பூச்சு தகட்டோடு ஒட்டியிருக்கும்வரை இந்நஞ்சுகள் உறங்கிக் கிடக்கின்றன. உலர்ந்த நிலையில் சுரண்டினாலோ உப்புத்தாளால் தேய்த்தாலோ நுண்தூசியாகி மூச்சுக்காற்றில் கலக்கின்றன.

ஆகவே, சுரண்டும் கருவியை எடுப்பதற்கு முன்பே ஆய்வு தொடங்குகிறது. பூச்சின் சிறு துணுக்குகள் எடுக்கப்பட்டு, அவற்றிலுள்ள தனிமங்கள் ஆய்வகத்தில் கண்டறியப்படுகின்றன. அம்முடிவுகளுக்கு ஏற்பவே பணிமுறையும் பாதுகாப்புக் கருவிகளும் தெரிவு செய்யப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்

பழைய வானூர்திகளின் அளவிமுகப்புகளில் உள்ள எண்கள் இரவில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. இன்று அவை பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஒளி தரும் துத்தநாகச் சல்பைடு சிதைந்துவிட்டதே அதற்குக் காரணம். ரேடியத்தின் அரை ஆயுட்காலமோ ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஒளி மறைந்தாலும் கதிரியக்கம் மறையவில்லை. எனவே, அம்முகப்புகளைத் திறப்பதோ சுரண்டுவதோ கூடாது.

கரைப்பான்களும் காப்பும்

தூசி எழாமல் பூச்சை நீக்குவதற்கு வேதிக் கரைப்பான்கள் பயன்படுகின்றன. நெடுங்காலம் இப்பணியில் முதலிடம் பெற்றிருந்தது டைகுளோரோமீத்தேன். பூசிய சிறிது நேரத்திலேயே பூச்சைச் சுருங்கச் செய்து, கொப்புளங்களாக எழுப்பும் ஆற்றல் அதற்குண்டு. ஆனால், அதன் ஆவியைச் சுவாசித்தால் உடல் அதனைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. குருதி ஆக்சிசனைச் சுமக்கும் திறன் குறைகிறது. அவ்வாவி காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடங்களிலும் மூடிய அறைகளிலும் தேங்கும். காற்றோட்டமற்ற இடங்களில் அதனைக் கையாண்டோர் உயிரிழந்ததும் உண்டு. அமெரிக்க நாட்டில் 2019ஆம் ஆண்டு, பொதுமக்களுக்கு இதனைப் பூச்சு நீக்கியாக விற்பது தடை செய்யப்பட்டது. 2024இல் அத்தடை தொழில்துறைப் பயன்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று பென்சைல் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்ட நீக்கிகள் அதன் இடத்தைப் பெற்றுவருகின்றன. இவை மெதுவாகவே செயற்படும். விரைவு குறைவது பணிக்குச் சுமைதான். எனினும், பணியாளரின் உயிருக்கு அது காப்பாகிறது.

கையுறை அணிந்துவிட்டால் போதும் என எண்ணுதல் தவறு. மெல்லிய ரப்பர்க் கையுறையை டைகுளோரோமீத்தேன் விரைவில் ஊடுருவிவிடும். எந்த வேதிப்பொருளைக் கையாள்கிறோமோ அதற்குப் பொருந்தும் கையுறை, கண்காப்பு, சுவாசக் கருவி, காற்றோட்டம் ஆகிய அனைத்தும் வேண்டும்.

பணி பின்வரும் முறையில் நிகழ்கிறது. முதலில், கண்ணில் படாத ஒரு சிறு பகுதியில் நீக்கியைத் தடவிச் சோதிக்கின்றனர். ஒளிபுகும் அக்ரிலிக் மூடிகள் கரைப்பான் பட்டால் வெடிப்புறும் என்பதால் அவற்றை மறைத்துவிடுகின்றனர். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இணைப்புகளையும் தறையாணி வரிசைகளையும் அலுமினிய நாடாவால் ஒட்டி மூடுகின்றனர். அவ்விடுக்குகளில் தங்கும் நீக்கி, பணி முடிந்து பல மாதங்கள் கழிந்த பின்னும் உலோகத்தை அரிக்கும். அமிலம் கலந்த நீக்கிகளை வன்மைமிகு எஃகு உறுப்புகளில் படவிடுவதில்லை. அமிலவினையில் தோன்றும் ஐதரசன் எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். இளகிய பூச்சைப் பிளாஸ்டிக் அல்லது மரத் தகட்டால் வழித்தெடுத்து, நன்கு கழுவுகின்றனர். வழித்த கழிவையும் கழுவிய நீரையும் சாக்கடையில் விடாமல் தனிக் கலன்களில் சேகரிக்கின்றனர்.

தவிர்க்க வேண்டிய கருவிகள்

எஃகுக் கம்பித் தூரிகையும் எஃகு நாரும் வீட்டுப் பணிகளுக்கு உதவலாம். அலுமினியத்திற்கு அவை பகை. தேய்க்கும்போது ஒடியும் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்துவிடும். ஈரம் பட்டவுடன் இரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலம்போல் செயற்பட, அலுமினியம் அரிக்கப்படும். வெப்பக்காற்றுக் கருவியும் உகந்ததன்று. வெப்பம் மிகுந்தால் டியூராலுமின் தன் வலிமையையும் அரிமானத்தைத் தாங்கும் ஆற்றலையும் இழக்கும். பூச்சிலிருந்து நச்சுப்புகையும் எழும்.

மணலை வீசியடிக்கும் முறை மெல்லிய தகட்டைக் குழிபடச் செய்யும். அதற்கு மாற்றாக, 1980களில் அமெரிக்க வான்படை மென்மையான பிளாஸ்டிக் துகள்களைக் குறைந்த அழுத்தத்தில் வீசும் முறையைக் கையாளத் தொடங்கியது. பூச்சைவிடக் கடினமாகவும் உலோகத்தைவிட மென்மையாகவும் துகள் இருத்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. லேசர் ஒளித்துடிப்புகளால் பூச்சை மட்டும் ஆவியாக்கும் முறையும் இன்று வழக்கில் உள்ளது.

துணியாலும் மரத்தாலும் ஆன வானூர்திகளுக்கு இம்முறைகள் பொருந்தா. துணியை இறுக்கிப் பிடிக்கும் மெருகுப்பூச்சையே கரைப்பான் கரைத்துவிடும். மரமோ கரைப்பானை உறிஞ்சிக்கொள்ளும். அதன் ஒட்டுப்பசையும் பழுதுறும்.

வண்ணமே சான்று

பூச்சை அகற்றுமுன் அது சொல்லும் செய்தியைப் படித்துவிட வேண்டும். இதற்கென ஒரு நுட்பம் உண்டு. நாணய அளவுள்ள ஓரிடத்தில், நீர்விட்டு நனைத்த மிக நுண்ணிய உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்கின்றனர். மர வளையங்கள்போல் ஒவ்வொரு வண்ண அடுக்கும் வட்டமாக வெளிப்படுகிறது. நடுவில் தோன்றுவது முதற்பூச்சு. விளிம்பில் இருப்பது இறுதிப்பூச்சு. அவ்வடுக்குகளை ஒளிப்படமெடுத்து, நிறத்தை அளந்து பதிவு செய்கின்றனர்.

இதன் பயனை விளக்க 'மெம்பிஸ் பெல்' என்னும் பி-17 குண்டுவீச்சு வானூர்தி தக்க சான்று. 1943ஆம் ஆண்டு மே 17 அன்று அதன் குழுவினர் 25ஆவது போர்ப்பயணத்தை முடித்தனர். பின்னர், போர்க்கடன் பத்திரங்களுக்கு ஆதரவு திரட்ட அவ்வானூர்தி அமெரிக்க நகரங்களுக்குச் சென்றது. போருக்குப்பின் மெம்பிஸ் நகரில் நெடுங்காலம் வெட்டவெளியில் நின்றது. 2005இல் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலுள்ள அமெரிக்க வான்படைத் தேசிய அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. பின்னுடலின் பூச்சை அகற்றியபோது, 1943ஆம் ஆண்டுப் பயணத்தில் மக்கள் அலுமினியத் தகட்டில் கீறிய நூற்றுக்கணக்கான பெயர்களும் செய்திகளும் வெளிப்பட்டன. கடுமையாகத் தேய்த்திருந்தால் அக்கீறல்கள் என்றென்றைக்குமாக அழிந்திருக்கும். 2018ஆம் ஆண்டு மே 17 அன்று அவ்வானூர்தி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அகற்றாமல் விடுவதும் ஒரு முடிவே. 200க்கும் மேற்பட்ட போர்ப்பயணங்களை மேற்கொண்ட 'ஃபிளாக் பெய்ட்' என்னும் பி-26 வானூர்தியை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வானூர்தி, விண்வெளி அருங்காட்சியகம் காத்துவருகிறது. அதன் மேனியில் உள்ளது போர்க்காலப் பூச்சு என்பதால், அதனைப் புதிதாக வண்ணந்தீட்டாமல் இருந்தபடியே பேணுகின்றனர். மங்கிய நிறமும் குண்டுத் துளைகளை அடைத்த ஒட்டுகளும் அங்கே வரலாற்றுச் சான்றுகளாகின்றன.

புதுப்பூச்சை எப்போது வேண்டுமாயினும் பூசலாம். அகற்றிய பூச்சை ஒருபோதும் மீட்க இயலாது. இதனை உணர்ந்தவர் முதலில் ஆராய்கிறார், பதிவு செய்கிறார், தம்மையும் உடன் பணிபுரிவோரையும் காத்துக்கொள்கிறார், அதன்பின், தேவையான அளவே அகற்றுகிறார். கோயில் ஓவியமாயினும் ஓலைச்சுவடியாயினும் பழமையைப் பேணும் பணி அனைத்துக்கும் இந்நெறி பொருந்தும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள பழமையான கட்டடம் அல்லது பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைச் சீரமைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுக.

2. 'பழம்பொருளைப் புதிதாக்குதல், இருந்தபடியே பேணுதல் – இவற்றுள் சிறந்தது எது?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. வண்ணப்பூச்சுப் பணியாளர் ஒருவரிடம் அவர் மேற்கொள்ளும் பாதுகாப்பு முறைகளைக் கேட்டறிந்து, நேர்காணலாக எழுதுக.